ஆறு ராத்தல் எங்கே போயிற்று?

போன வாரம் ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு நல்ல பையனின் மனசை நோகடித்துவிட்டேன்.

படகுத்துறையில் ஏதோ கம்பெனிக்காரர்கள் பேட்டரியில் ஓடும் படகு மோட்டாரைக் கொண்டுவந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். படகின் பின்பக்கம் மாட்டுகிற வகை. புகை கிடையாது, சத்தம் கிடையாது. மோட்டாருக்கு எவ்வளவு இழுவை இருக்கிறது என்று பார்க்க, படகைக் கரையிலிருந்த மரத்தோடு கயிற்றால் கட்டி, கயிற்றின் நடுவே ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டியிருந்தார்கள். மோட்டார் இழுக்க இழுக்க முள் நகரும். அவ்வளவுதான் விஷயம்.

வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் இன்ஜினீயர் தம்பி வந்தார். "சார், நாங்க படகுல இருப்போம். முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துச் சத்தமா சொல்றீங்களா?"

"மாட்டேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கிழவனுக்குக் கண் தெரியவில்லை போலும் என்று நினைத்து, எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டட்டுமா என்று பரிவோடு கேட்டார். நான் நடையைக் கட்டினேன். ஒரு முள்ளைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்ல இந்த ஆளுக்கு என்ன கேடு என்று நினைத்திருப்பார்.

கேடு இருக்கிறது தம்பி. இந்தப் பத்திரிகை படிக்கிற வழக்கம் உண்டென்றால், இதோ...

என் வாசகர்களுக்கு நான் பிஸிக்ஸ் பட்டதாரி என்பது தெரியும். மாதம் ஒரு முறையாவது அதை எங்கேயாவது நுழைத்துவிடுகிறேன். அந்த பிஸிக்ஸை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை நான் என்ன பாடு படுத்தினேன் என்பதை மட்டும் இத்தனை வருஷமாக எழுதாமல் நழுவிவந்தேன்.

வெள்ளைக்காரர் ஆட்சி. யுத்த காலம். ஏரியை ஒட்டிய ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ஆள் கணக்கு, பழ எடை, துரையின் கடிதங்கள் எல்லாம் என் தலையில்.

துரைக்கு ஒரு படகு இருந்தது. அதற்கு ஒரு பெட்ரோல் இன்ஜினும் இருந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் இன்ஜின் சாக்குக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. துடுப்புப் போடலாமே? போடலாம். ஆனால் துடுப்பு என்பது அடுத்தவர்கள் போட வேண்டியது என்பது துரையின் கொள்கை. அடுத்தவர்கள் எல்லோரும் அப்போது காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஆறுமுகம் வந்து சேர்ந்தார்.

சேலத்துக்காரர். மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். பங்களா விளக்குகளுக்கான டைனமோவைப் பழுது பார்க்க வந்தவர், சாக்கில் கிடந்த இன்ஜினைக் காலால் தட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இதுக்குப் பெட்ரோலு எதுக்குங்க? பேட்டரியில ஓட்டிப் போடலாமுங்களே" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். துரை சிரித்தார். ஆறுமுகம் சிரிக்கவில்லை.

ஊருக்குப் போய் ஓர் உடைசல் லாரியின் டைனமோவை மோட்டாராக மாற்றினார். நீளமான குழாயின் அடியில் பித்தளை விசிறி ஒன்றைப் பொருத்தினார். அந்த விசிறியை வார்த்துக் கொடுத்த பாத்திரக்காரர், இது எந்தக் கோயிலுக்கு என்று கேட்டாராம். வாழைத்தண்டுகளைச் சேர்த்துத் தெப்பம் கட்டி, மாமனாரின் பாசனக் கிணற்றில் இறக்கி, இரும்புக் கடைத் தராசை இரவல் வாங்கி இழுவையும் பார்த்துவிட்டார். கிணற்றுக்குள் கப்பல் விடுகிறார் மாப்பிள்ளை என்று ஊரே வந்து எட்டிப் பார்த்ததாம்.

"முப்பது ராத்தல் இழுக்குதுங்க" என்று துரைக்குச் சொல்லி அனுப்பினார். இந்தத் தலைமுறைக்காகச் சொல்கிறேன் — ராத்தல் என்றால் பவுண்டு.

துரை வாக்குக் கொடுத்தார். சொன்னபடி முப்பது இழுத்தால், எங்கள் பழம் உரிக்கும் ஷெட்டை ஒட்டி ஆறுமுகத்துக்கு ஒரு ஒர்க்‌ஷாப். மலையில் இருக்கிற எஸ்டேட் இன்ஜின்கள் அத்தனையும் அவர் கைக்கு. ஆறுமுகம் இதைத் தன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். சலூன்காரர், டீக்கடைக்காரர், டயர்க் கடைக்காரர் — பாக்கி இல்லை. சொன்னது நடக்காவிட்டால் அந்தத் தெருவில் அவர் எப்படி நடப்பது?

இப்போது என் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

சீசனில் சாயங்காலமானால் பெண்கள் பழக்கூடையோடு வரிசையில் நிற்பார்கள். கூடையை ஸ்பிரிங் தராசில் மாட்டுவோம். நான் முள்ளைப் பார்ப்பேன். கூடைக்கு மூன்று ராத்தல், ஈரத்துக்கு மூன்று ராத்தல் — மனசுக்குள் கழித்துவிட்டு, மிச்சத்தைச் சத்தமாகக் கூவுவேன். நான் கூவியதுதான் எடை. முள் காட்டியதை நான் வாயால் சொன்னதே இல்லை, சொல்லவும் கூடாது. கூடை நிஜத்தில் இரண்டு ராத்தல்தான் இருக்கும். மழையே இல்லாத நாளிலும் ஈரக் கழிவு உண்டு. எனக்கு முன்னால் இருந்தவர் வைத்த பழக்கம், நானும் வைத்துக்கொண்டேன். பத்து நாள் செய்தால் மூளைக்கு வேலையே இல்லை. கண் முப்பத்தைந்தைப் பார்க்கும், வாய் இருபத்தொன்பது என்று சொல்லும்.

சோதனை நாள் வந்தது. அப்போதுதான் எடை போட்டு முடித்திருந்தேன். தொண்டை கட்டியிருந்தது. அதே தராசை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினேன். படகைச் சில்வர் ஓக் மரத்தில் கட்டி, நடுவில் தராசை மாட்டினோம். படகில் துரையும் ஆறுமுகமும். இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே துரை காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கரையில் தராசுக்குப் பக்கத்தில் நான் மட்டும். எடை போட்டுவிட்டு லயன் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள், காலிக் கூடையோடு எனக்குப் பின்னால் நின்று முள்ளை வேடிக்கை பார்த்தார்கள்.

ஆறுமுகம் சுவிட்சைப் போட்டார். கயிறு விறைத்தது. தண்ணீர் நுரைத்தது. முள் ஏறி ஏறி, முப்பதில் ஆணி அடித்தாற்போல் நின்றது. பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது.

எவ்வளவு என்று துரை கத்தினார்.

"இருபத்து நாலு!" என்று கூவினேன்.

எனக்குப் பின்னால் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். துரையைப் பார்த்து ஆறுமுகமும் இரவல் தொப்பி ஒன்று போட்டுக்கொண்டு வந்திருந்தார்; அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். துரை இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் இருபத்து நாலுதான்.

ஆறுமுகம் சுவிட்சை அணைத்தார். கரைக்கு வந்து முள்ளைப் பார்க்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. பட்டம் படித்த ரைட்டர் சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன பார்ப்பது? கடைத்தெருச் சரக்கு இப்படித்தான் இருக்கும் என்று துரை முனகியதை நல்லவேளையாக நான் மொழிபெயர்க்கவில்லை. ஆறுமுகம் மோட்டாரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் எடை போடும்போது பாப்பாத்தி கூடையை மாட்டினாள். எஸ்டேட்டில் வாய்க்குப் பேர் போனவள்.

"ஏனுங்க ரைட்டரய்யா... அந்த மோட்டாரு எந்தக் கூடையில வந்துச்சுங்க?"

வரிசையே சிரித்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் விடவில்லை. "கூடை போனா போகுது. ஈரக் கழிவு பிடிச்சீங்க பாருங்க, அது நாயமுங்க. ஏரித் தண்ணியிலல்ல நின்னுச்சு."

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது. கூடைக்கு மூன்று. ஈரத்துக்கு மூன்று. இருபத்து நாலு.

ஒரு படகு மோட்டாருக்குக் கூடைக் கழிவு பிடித்த ஒரே பிஸிக்ஸ் பட்டதாரி இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்!

சரி, தவறு யாருக்கும் வரும். உடனே துரையிடம் ஓடிச் சொல்லியிருக்க வேண்டியதுதானே?

சொன்னால், ஆறு எப்படிக் குறைந்தது என்று கேட்பார். கழிவு என்பேன். கூடை மூன்று ராத்தலா என்று கேட்பார். ஒரு கூடையைத் தராசில் மாட்டச் சொல்வார்... அதற்குப் பிறகு என் வேலை? மோட்டாருக்காவது இத்தனை இழுக்கும் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். பாப்பாத்திகளுக்கு யார் இருந்தார்கள்? ஒன்றைத் திறந்தால் மற்றதும் திறந்துகொள்ளும். வாயை மூடிக்கொண்டேன்.

மழையில்லாத நாளுக்கு ஈரக் கழிவு பிடிப்பதை அந்த வாரமே நிறுத்தினேன். கூடை மட்டும், நான் வேலையை விடும்வரை மூன்று ராத்தலாகவே இருந்தது. இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் குறுகுறுப்பு விடவில்லை. துரையை நச்சரித்து, ஆறுமுகத்துக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கினேன். அதோடு பாவம் கழிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் இரண்டாவது பாவம் ஆரம்பித்தது.

சில வாரம் கழித்து ஆறுமுகம் வந்தார். கண் சிவந்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு வெற்றி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்டுபுடிச்சுட்டனுங்க. எங்க கெணத்துல முப்பது இழுத்தது உங்க ஏரியில ஏன் எளைச்சுப் போச்சுன்னு ரோசனை பண்ணினனுங்க. மலைத் தண்ணி நொம்ப லேசுங்க. விசிறிக்குப் புடிமானம் பத்தலை. அதான் ஆறு ராத்தல் கொறையுது."

விரலைச் சுழற்றி விசிறியைக் காட்டினார்.

"அதுனால கம்பியை மாத்திச் சுத்தி, விசிறியைப் பெருசாக்கி, எங்க கெணத்துல முப்பத்தாறு இழுக்கற மாதிரி பண்ணிட்டனுங்க. இங்க முப்பது வந்துரும் பாருங்க. நீங்க படிச்சவிய... நாஞ்சொல்றது செரிதானுங்களே?"

மலைத் தண்ணீர் லேசு! தண்ணீரின் அடர்த்தியைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கலாம்" என்றேன்.

இந்த ஒரு சொல்லுக்காக என் பட்டத்தை அப்போதே பிடுங்கியிருக்க வேண்டும்.

மறுபடி அதே மரம், அதே கயிறு, அதே தராசு. முள் முப்பத்தாறில் நின்றது. இந்தத் தடவை என் வாய் பழக்கதோஷத்தில் பேசவில்லை. நன்றாக யோசித்துத்தான் பேசியது. முப்பத்தாறு என்று உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? கிணற்றிலும் முப்பத்தாறு, ஏரியிலும் முப்பத்தாறு என்றால், போன தடவை மட்டும் ஆறு எங்கே போயிற்று என்று ஆறுமுகமே கேட்டுவிடுவார். ஆகவே...

"முப்பது!" என்றேன்.

துரை கை தட்டினார். ஆறுமுகம் படகிலேயே எழுந்து நின்று கும்பிட்டார். படகு கவிழப் பார்த்தது. சொன்ன எண் வந்துவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். இதைவிட நல்ல பொய் உண்டா என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

மோட்டாரை எடை போட இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு இழுக்கும்? எத்தனை நேரம் இழுக்கும்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறோம். இரண்டாவதை, மனிதர்களை வேலைக்கு எடுக்கும்போதுகூட யாரும் கேட்பதில்லை. ஆறுமுகத்தின் முதல் மோட்டார் சாயங்காலம் முழுக்க அலுக்காமல் ஓடக்கூடியது. இல்லாத ஆறு ராத்தலைத் துரத்திக்கொண்டு போய் அவர் சுற்றிய இரண்டாவது மோட்டார், பேட்டரியைக் கரும்புச் சக்கை மாதிரி பிழிந்தது. சூடேறியது. அன்றைக்கு ஒரு நிமிஷம் ஓட்டி முள்ளைப் பார்த்ததோடு சோதனை முடிந்ததால், அது யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

மதராஸிலிருந்து துரைக்குப் பெரிய இடத்து விருந்தாளி ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். துரை, துரைசாணி, விருந்தாளிகள், ஒரு டீ கூடை — எல்லோரும் படகில். இனித் துடுப்பு எதற்கு என்று துரை துடுப்புகளைக் கரையில் வீசிவிட்டார். கரையில் ஆறுமுகம் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். ஒர்க்‌ஷாப்புக்கு இடத்தைப் படகிலிருந்து இறங்கியதும் காட்டுகிறேன் என்று துரை சொல்லியிருந்தார்.

படகு அழகாகப் போயிற்று. சத்தமே இல்லை. வாத்துகள் விலகி வழி விட்டன. நடு ஏரியில் விருந்தாளி அம்மாள் கோப்பையில் டீ ஊற்றுவது தெரிந்தது. பிறகு அவர் மூக்கைச் சுளிப்பதும் தெரிந்தது. மோட்டாரிலிருந்து ஒரு மெல்லிய புகை. படகு நின்றது. பின்னாலேயே மலையிலிருந்து மூடுபனி இறங்கியது... படகையே காணோம்.

பனிக்குள்ளிருந்து துரையின் குரல் மட்டும் வந்தது. அவர் சொன்னதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

டீ தட்டால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் காற்றுதான் இரக்கப்பட்டு அவர்களை எதிர்க்கரையின் சேற்றில் கொண்டுபோய் ஒதுக்கியது. நாங்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது துரை முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் பக்கத்துக் கிளியூர்க் கிராமத்து எருமைகள். ஓர் எருமை விருந்தாளியின் தொப்பியை மென்றுகொண்டிருந்தது. அது மட்டும்தான் அன்றைக்கு முழுத் திருப்தியாக இருந்தது.

துரை ஆறுமுகத்தைத் திட்டவில்லை. எடுத்துக்கொண்டு போ என்று கையால் காட்டினார், அவ்வளவுதான். ஆறுமுகம் கருகிய மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "எனக்குத் தொழிலே தெரியலீங்க போல" என்றார். மிக மெதுவாகச் சொன்னார். புது வேட்டியில் சேறு.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. மோட்டாரை லாரியில் ஏற்ற ஒரு கை கொடுத்தேன்.

அடுத்த சீசன் முடிந்ததும் வேலையை விட்டேன். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்னோடேயே படுத்து என்னோடேயே எழுந்தது. நேராகச் சேலம் போய் ஆறுமுகத்தின் தெருவைக் கண்டுபிடித்தேன். டீக்கடையில் வழி கேட்டபோது, "எந்த ஆறுமுகம்? ஓ, நம்ம முப்பதா?" என்று கேட்டுவிட்டு அந்த ஆள் சிரித்தார். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. என்ன முப்பது, சாப்பிட்டாச்சா? என்ன முப்பது, இன்னைக்கு எத்தனை ராத்தல்?

ஆறுமுகம் கடையில் ஒரு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் வேலையை விட்டுவிட்டாராம். தன் கையையே நம்ப முடியவில்லை என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, ஈரம், முப்பது, முப்பத்தாறு, மலைத் தண்ணீர். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன்; அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சரை ஒட்டி முடித்தார். கையைத் துடைத்தார்.

"மொத மோட்டாரு... முப்பது இழுத்துச்சுங்களா?"

"இழுத்தது."

"நீங்க பாத்தீங்களா?"

"என் கண்ணால் பார்த்தேன்."

எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "வாங்க."

முதலில் சலூன். முகத்தில் பாதி நுரையோடு ஒருவர் நாற்காலியில் இருந்தார். "சொல்லுங்க" என்றார் ஆறுமுகம். "இவர் மோட்டார் முப்பது இழுத்தது. தப்பாகச் சொன்னது நான்" என்றேன். அடுத்து டயர்க் கடை. அடுத்து பாத்திரக் கடை. சொல்லச் சொல்ல என் குரல் தேய்ந்தது, அவர் விடவில்லை. "சத்தமாங்க. அங்க ஏரியில சொன்னீங்களே, அந்தச் சத்தம்." டீக்கடையில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்த ஒருவர், எது முப்பது, என்ன முப்பது என்று குழம்பினார். "அது உங்களுக்கு எதுக்குங்க? முப்பதுன்னு சாரே வந்து சொல்றாரு. கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றார் ஆறுமுகம்.

தெரு முடிந்தது. கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. அடுப்படியிலிருந்த மனைவியைக் கூப்பிட்டு, என்னை முன்னால் தள்ளி நிறுத்தினார். கடைசி முறையாகச் சொன்னேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதைச் சொல்லவா மலையிலிருந்து எறங்கி வந்தீங்க? எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. எங்கப்பா கெணத்துல நானுந்தான நின்னு பாத்தேன். நம்பாதது இந்த மனுசன் ஒருத்தருதான்."

ஆறுமுகம் பரணிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கி, அவிழ்த்து, கருகிய கம்பியை ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். நான் ஒருவன் நிற்பதையே மறந்துவிட்டார்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார் அந்த அம்மாள். சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறும் வாங்கினேன் — ஒப்புக்கொள்வது என்று உட்கார்ந்த பிறகு அதை மட்டும் மறைப்பானேன்?